எட்டுக்கு ஒன்பது

அவர் பெயரைச் சொன்னால் விருத்தாசலத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. பீங்கான் சாமான் செய்கிற தொழிற்பேட்டைக்குள், எங்கள் பேச்சில் எஸ்டேட்டுக்குள், போய் மோல்டு மாஸ்டர் என்று கேட்டால், “எல்லாம் சுருங்கும்னு சொல்லுவாரே, அவரா?” என்று திருப்பிக் கேட்பார்கள். அவரேதான். என்னை அதிகமாகக் கடுப்பேற்றிய மனிதர்கள் என்று ஒரு வரிசை போட்டால் முதல் இடம் அவருக்கு. இரண்டாவது இடத்துக்கு இதுவரை ஆள் கிடைக்கவில்லை.

அவர் வேலையைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. ஃப்யூஸ் கட்டையோ, பொம்மையோ, எதுவானாலும் முதலில் பிளாஸ்டரில் ஓர் அச்சு வேண்டும். அதுதான் மோல்டு. அதில் வார்த்து எடுக்கிற களிமண் காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். எட்டு அங்குலத்தில் ஒரு சாமான் வேண்டுமென்றால் ஒன்பது அங்குலத்துக்கு மோல்டு செய்ய வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடச் சலித்துக்கொண்டு, ஒரு தேக்குப் பட்டையில் தானே கோடு கிழித்து ஒரு ஸ்கேல் செய்து வைத்திருந்தார். அதில் எட்டு என்று எழுதியிருக்கும் இடம் உண்மையில் ஒன்பதாவது அங்குலம். மற்ற யூனிட்டுகளில் ஃப்யூஸ் கட்டை வெந்து வந்த பிறகு திருகு நுழையாமல் அரத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் மோல்டில் வந்த கட்டையில் திருகு வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல எஸ்டேட்டில் ஒருவரும் கிடையாது.

கேடு எங்கே வந்ததென்றால், அந்த ஸ்கேலை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கையில் கொண்டுவந்தது கொஞ்ச நாள்தான். தலையில் நிரந்தரமாக வைத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு அவருடையது. ஆறாவது படிக்கிற மகளுக்கு எட்டாவது படிக்கிற பெண்ணின் அளவில் ஷூ வாங்கி வருவார். முன்னால் துணியை அடைத்துக்கொண்டு அந்தக் குழந்தை தெருவில் டப் டப் என்று நடந்து போகும். “காலு வளரும்ங்க, எங்கனா சுருங்குமா?” என்று அண்ணி, அதாவது அவர் மனைவி, கேட்டால், “காலு வளரும். ஷூ சுருங்கும். ரெண்டுக்கும் சேத்துதான் வாங்கிருக்கறன்” என்பார். பத்துப் பேருக்குச் சாப்பாடு என்றால் பன்னிரண்டு பேருக்கு அரிசி களைவார்கள். மீந்த சோற்றை மறுநாள் நாங்கள் எல்லோரும் சேர்ந்து தின்போம். ஒருமுறை இரண்டு குடும்பமும் ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் புறப்பட்டோம். ஐந்தரை மணி பஸ்ஸுக்கு எங்களை நாலே முக்காலுக்குக் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டார். பஸ் வந்தது ஆறே காலுக்கு. என் அம்மா கொசுவை அடித்தபடி, “இது எங்க தம்பி சுருங்குச்சு? நீண்டுல்ல போவுது!” என்றாள். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “பஸ்ஸு நீளும்க்கா. நம்ம நேரந்தான் சுருங்கும்” என்றார். இந்த மனிதரிடம் என்ன பேசுவது?

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். அப்பா விஷயத்தில் சிரிக்க முடியவில்லை. திட்டக்குடி ரோட்டில் அப்பா மொபெட்டோடு சறுக்கி விழுந்தார். பார்த்தவர்கள் எஸ்டேட்டுக்குப் போன் செய்து சொல்ல, இவர் மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி வந்து, வாசலில் நின்றபடியே, “அக்கா, மச்சானுக்கு ஒரு காலு போயிடுச்சு” என்றார். அம்மா அப்படியே சுவரோடு சரிந்தாள். அழுது அரற்றி ஆஸ்பத்திரிக்குப் போனால், அப்பா கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருக்கிறார். சுளுக்கு. நான் இவர் சட்டையைப் பிடிக்காத குறை. “குறைச்சு சொல்லிருந்தா அங்க போயிப் பாக்கசொல்ல பெருசா தெரிஞ்சிருக்கும் பாப்பா. இப்ப பாரு, அக்கா எம்மாம் சந்தோசமா இருக்குது” என்றார். அம்மா உண்மையிலேயே அப்போது சிரித்துக்கொண்டிருந்தாள். அதுதான் என் எரிச்சலை இன்னும் கூட்டியது.

கெட்ட செய்தியைக் கூட்டிச் சொல்கிற அதே ஆள் நல்ல செய்தி என்றால் வாயே திறக்கமாட்டார். நான் காலேஜில் படிக்கும்போது பத்தாயிரம் மீட்டர் ஓடிப் பல்கலைக்கழக அளவில் ஒரு கப் வாங்கி வந்தேன். தெருவே பார்த்து மெச்சியது. இவர் அந்தக் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அடிப்பாகம் வார்ப்பு சரியில்ல” என்று சொல்லிக் கொடுத்தார்.

படிப்பு முடிந்து, அவர் வேலை பார்த்த அதே யூனிட்டில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தேன். வைக்கோல் வைத்துக் கட்டிய பெட்டிகளுக்குச் சீட்டு எழுதுகிற வேலை. ஓட்டத்தை விடவில்லை. விடிந்ததும் எஸ்டேட் ரோட்டில் ஓடுவேன். அங்கே லாரி வராது, நாய்களும் பழகிவிட்டன. எஸ்டேட்டில் முதலாளி ஒருவரிடம் மட்டும் செல்போன் இருந்த வருடங்கள் அவை.

அப்போதுதான் காலேஜ் பி.டி. மேடத்திடமிருந்து ஒரு கவர் வந்தது. வெளிநாட்டில் நடக்கப்போகும் ஒரு பெரிய போட்டி. நீச்சல், மல்யுத்தம், குத்துச்சண்டை என்று முப்பது விளையாட்டு, எத்தனையோ நாட்டு ஆட்கள். போட்டியின் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, நான்தான் போகவில்லையே. அதில் பெண்களுக்கான மாரத்தானுக்கு மூன்று பேரை அனுப்பப்போகிறார்கள். பெங்களூரில் தேர்வு ஓட்டம். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டரை மூன்று மணி நேரத்துக்குள் ஓடுகிறவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம். மேடம் விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டு, நேரத்தை மட்டும் காலியாக விட்டு, ‘உண்மையாக ஓடிப் பார்த்து நீயே எழுது’ என்று சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு இருபத்தாறு வயது. அடுத்த போட்டி நான்கு வருடம் கழித்து. இந்த ஒரு தடவை முயன்று பார் என்று அப்பாவும் சொல்லிவிட்டார். எனக்கு வாழ்க்கையில் அதுவரை எதுவும் அவ்வளவு வேண்டியிருந்ததில்லை.

ஓடிப் பார்க்க அளந்த பாதை வேண்டும். நான் யாரையும் கேட்கவில்லை. இவராகவே ஞாயிற்றுக்கிழமை ஒரு நீளமான கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நூறடிக் கயிறு, தானே அளந்து வெட்டியது என்றார். வாட்ச்மேனை ஒரு முனை பிடிக்கச் சொல்லி, எஸ்டேட்டையும் பின்னால் இருக்கிற வயல் ரோட்டையும் சுற்றி வெயிலில் குனிந்து குனிந்து அளந்தார். ஒரு சுற்று இரண்டு கிலோமீட்டர். இருபத்தொரு சுற்று ஓடிவிட்டு, மிச்ச நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டருக்குத் தனியாக ஒரு கோடு. வார்ப்புக்குக் கரைத்த வெள்ளைக் களிமண்ணை மக்கில் கொண்டுவந்து ரோட்டில் பட்டையாக ஊற்றினார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு நின்ற அவரைப் பார்த்தபோது, சொன்னால் வெட்கம், எனக்குப் பாசமே பொங்கிவிட்டது.

அந்த நூறடிக் கயிற்றை அவர் எந்த ஸ்கேலால் அளந்திருப்பார் என்று இதற்குள் நீங்களே சொல்லிவிடுவீர்கள். எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். பதினைந்து வருடம் எதிர் வீட்டில் இருந்துகொண்டு எனக்கு அது தோன்றாமல் போனதை நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஓடினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் உடைந்த ஃப்யூஸ் கட்டையை மதில்மேல் வைத்து அவர் எண்ணினார். மூன்று மணி பதினாறு நிமிடம். மூன்று வாரம் கழித்து உயிரைக் கொடுத்து ஓடினேன். மூன்று மணி பன்னிரண்டு. கடைசிக் கோட்டைத் தாண்டி ரோட்டிலேயே மல்லாந்து படுத்துவிட்டேன்.

“நல்லா வந்துருக்குது பாப்பா. எழுதி அனுப்பு.”

“என்னாத்த அனுப்பறது? பன்னண்டு நிமிசம் அதிகம்ண்ணே.”

“அது சுருங்கும்.”

எழுந்து அவரை அடித்தால் என்ன என்று இருந்தது. எழுந்திருக்கத் தெம்பில்லை. மறுநாள் அந்தப் பாரத்தைச் சுருட்டிப் பேக்கிங் வைக்கோலில் எறிந்துவிட்டு, பெட்டிச் சீட்டுகளை எழுத உட்கார்ந்தேன். அன்றைக்கு எழுதிய சீட்டில் பாதி தப்பு.

ஒரு மாதம் கழித்துப் பெங்களூருக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விசாரித்தால், இவர்தான் வைக்கோலிலிருந்து பாரத்தை எடுத்து நீவி, நேரம் என்ற இடத்தில் இரண்டு மணி ஐம்பத்தொரு நிமிடம் என்று தன் கையால் எழுதித் தபாலில் போட்டிருக்கிறார்.

“யாரக் கேட்டுண்ணே எழுதுனீங்க? மூணு பன்னண்டு ஓடறவ நான். அங்க போயி அசிங்கப்பட்டு நிக்கவா?”

“பொய்யி இல்ல பாப்பா. கழிவு போவத்தான் எழுதிருக்கறன்.”

“என்னா கழிவு?”

“போயி ஓடு. தெரியும்.”

அந்த இடத்தில் அவர் வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை, கயிற்றைக் கூட்டி அளந்தேன் என்று, சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் சொல்கிற சுருக்கம், கழிவுதானே என்று நானும் மேலே கேட்கவில்லை. அதற்குள் அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். போகாமலிருக்க முடியாது. பொய் சொல்லி வந்தவள் என்ற பயத்தோடு ரயில் ஏறினேன்.

பெங்களூரில் விடியற்காலைக் குளிர். முப்பது பெண்கள் இருந்தோம். கிலோமீட்டருக்கு ஒரு போர்டு நட்டிருந்தார்கள். எங்கள் எஸ்டேட்டில் ஒரு கிலோமீட்டருக்கு எனக்கு நாலரை நிமிடத்துக்கு மேல் ஆகும். இங்கே முதல் போர்டு நாலு நிமிடத்திலேயே வந்துவிட்டது. பதற்றத்தில் வேகமாக ஓடிவிட்டேன் என்று நினைத்து, காலை இழுத்துப் பிடித்தேன். அடுத்த போர்டும் சீக்கிரமே வந்தது. இப்படியே ஓடினால் முப்பதாவது கிலோமீட்டரில் விழுந்துவிடுவேன் என்று இன்னும் பிடித்தேன். எனக்கு முன்னால் போனவர்களைப் போகவிட்டேன். நீங்கள் எல்லாம் கடைசியில் உட்காரப்போகிறீர்கள், நான் தாண்டுவேன் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். முப்பது போனது, முப்பத்தைந்து போனது, நான் விழவில்லை. மூச்சு சீராக இருந்தது. கால் இன்னும் கேட்டது. இன்னும் நிறைய ரோடு இருக்கிறது, இரு இரு என்று அதை அடக்கினேன். சிலரைத் தாண்டினேன். பிறகு ஒரு வளைவு திரும்பினால் முடிவுக் கோடு. எனக்கு நம்பிக்கையே வரவில்லை. கடைசி முந்நூறு மீட்டரைப் பேய் பிடித்தவள் மாதிரி ஓடினேன்.

இரண்டு மணி ஐம்பத்தாறு நிமிடம். நாலாவது இடம். மூன்றாவது வந்தவளுக்கும் எனக்கும் நாற்பது விநாடி.

அவள் தரையில் சுருண்டு படுத்திருந்தாள், இரண்டு பேர் அவள் காலைப் பிடித்துவிட்டார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். வியர்வை கூடச் சரியாக வரவில்லை. ஒரு வாலண்டியர் என்னிடம் வந்து நான் இனிமேல்தான் ஓடப்போகிறேனா என்று கேட்டார்.

ஊருக்கு வந்ததும் முதலாளியிடம் கெஞ்சி அவர் பைக்கில் ஏறி, நான் ஓடிய அதே பாதையில் ஒரு சுற்று வந்தேன். மீட்டரில் இரண்டேகால் கிலோமீட்டர் காட்டியது. இருபத்தொரு சுற்றுக்கு நாற்பத்தேழு கிலோமீட்டருக்கு மேல். நாற்பத்திரண்டு என்று நினைத்து நான் நாற்பத்தேழு ஓடியிருக்கிறேன்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எதிர் வீட்டு வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். செய்யவில்லை. பேச்சை நிறுத்தினேன். அவர் டீக்கடையில் என்ன சொல்லிக்கொண்டு திரிந்தார் என்று தெரிந்தபோது அந்த மண்ணை மிச்சம் வைத்தது தப்பு என்று பட்டது. “எட்டுக்கு ஒண்ணு கூட்டி அளந்துதான் உட்டன். அப்பவும் பத்தல. அங்க போயி பாப்பா அதுக்கு மேலயே சுருங்கிடுச்சு பாவம்” என்று சொல்லியிருக்கிறார்.

நான்கு மாதம் கழித்து, வெளிநாட்டில் அந்த மாரத்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை டிவியில் நேரடியாகக் காட்டினார்கள். எங்கள் வீட்டு டிவி பழுதாகிக் கிடந்தது. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. அண்ணி வந்து கையைப் பிடித்து, “அந்த மனுசன் மூஞ்சியப் பாக்காத, டிவியப் பாரு, வா” என்று கூப்பிட்டபோது போய்விட்டேன்.

முன்னால் நாலைந்து பேர் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எப்போதாவது பின்னால் வருகிறவர்களைக் காட்டும்போது அவள் தெரிந்தாள். என்னை நாற்பது விநாடியில் முந்தியவள். தோளைக் கொஞ்சம் சாய்த்து ஓடுவாள், தூரத்திலிருந்தே எனக்கு அடையாளம் தெரியும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முப்பத்தேழாவது கிலோமீட்டரில் அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். எனக்கு அவள் மேல் கோபமில்லை. நடக்காதே, நடக்காதே என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “பாரு, பாரு, சுருங்குது பாரு. இதத்தான சொன்னன்? நானு ஏழுக்கு ஒண்ணு கூட்டிருக்கணும் பாப்பா. கொறவா கூட்டிட்டன். இன்னுங் கொஞ்சம் இழுத்து அளந்துருந்தா நீ அங்க இருந்துருப்ப.”

நான்கு மாதம் அடக்கி வைத்தது வெடித்துவிட்டது.

“நிறுத்துங்கண்ணே! நான் சுருங்கல. போர்டு சீக்கிரம் சீக்கிரமா வந்துச்சு. வேகமா ஓடறனோன்னு பயந்துபோயி நானேதான் புடிச்சு புடிச்சு ஓடுனன். நாப்பத்தேழு கிலோமீட்டரு ஓடிப் பழவுன காலுண்ணே இது. கோட்டத் தாண்டி நிக்கறன், மூச்சுகூட வாங்கல. அஞ்சு கிலோமீட்டரு அப்படியே மிச்சம் கெடக்குது. அத எங்க கொண்டுபோயி வெக்கச் சொல்றீங்க?”

அண்ணி சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். அவர் எழுந்து போய் டிவி சத்தத்தைக் குறைத்தார். திரும்பி வந்து உட்காரவில்லை.

“சுருங்கலையா?”

“இல்ல.”

“கொஞ்சங்கூடவா?”

“இல்லண்ணே.”

அவர் முகத்தில் அப்படி ஒரு கலக்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “முப்பது வருசமா சூளையாண்ட நிக்கறன். போன அளவுலயே திரும்பி வந்த உருப்படி ஒண்ணுகூடப் பாத்ததில்ல” என்றார். பிறகு, “அளவு தப்பி வந்தா மண்ணச் சொல்லக் கூடாது. மோல்டு போட்டவன் தப்பு அது. நானு உன்னாண்ட சொல்லிட்டு அளந்துருக்கணும்” என்றார்.

இதைக் கேட்கத்தான் நான்கு மாதம் காத்திருந்தேன். கேட்டதும் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். தீரவில்லை. அழுகைதான் வந்தது. அந்த இடம் என்னுடையது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் நான் ஓடியிருக்க வேண்டும். சும்மா இருந்திருந்தால் போதும், இந்த மனிதர் சும்மா மட்டும் இருந்திருந்தால். ஆனால் இவர் சும்மா இருந்திருந்தால் அந்தப் பாரம் வைக்கோலோடு போயிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதை நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வந்தது.

திரையில் அந்தப் பெண் நடந்தும் ஓடியும் ஒருவழியாகக் கோட்டைத் தொட்டு, தொட்ட இடத்திலேயே உட்கார்ந்தாள். யாரோ ஓடிவந்து அவள்மேல் துண்டைப் போர்த்தினார்கள். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“நானா இருந்தா உக்காந்துருக்க மாட்டண்ணே,” என்றேன். “அதத் தாண்டியும் ஓடிருப்பன்.”

எதையாவது கழித்துச் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் டிவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“ஓடிருப்ப பாப்பா,” என்றார்.